தெருமுனையில் விட்ட ஓரடி

"சார், கம்ப்யூட்டர்ல உங்க தெரு நேரா பின்னாடி நகருக்குப் போவுது. நேர்ல வந்து பார்த்தா உங்க வூட்டுக்குள்ள வளைஞ்சு போவுது. இது எப்படி சார்?"

கேட்டவர் பெயர் கயல்விழி. நான் ஓய்வு பெற்ற திட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர். மனைப்பிரிவு வரைபடங்களை இப்போது கணினியே சரிபார்க்கிறது. தெருவின் அகலம், பூங்காவின் பரப்பு எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுப் பச்சையோ சிவப்போ காட்டிவிடும். புதியவர்களுக்காக ஒரு சிறு தொகுப்பு போடுகிறார்களாம். பழைய ஆட்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டு வந்த இடத்தில்தான் இந்தக் கேள்வியும் வந்தது. கைபேசியை என் முன் நீட்டினார். அதில் என் தெரு ஒரே கோடாக வடக்கே போய்ப் பின்புற நகரின் தெருவோடு சேர்ந்திருந்தது. என் வாசலில் நின்று பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. சுவருக்குப் பக்கத்தில், முன்பு என் கார் ஷெட் இருந்த இடத்தின் வழியாக, ஒரு மண்பாதை வளைந்து அந்தப் பக்கம் போகிறது.

"எழுதித் தரேம்மா. தொகுப்புல போடலாமா வேணாமான்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

நான் தா.பழூர் பக்கத்து ஆள். படிப்பு திருச்சியில். கட்டடப் பொறியியல் முடித்து அரியலூரில் வரைவாளராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் அளந்து கொண்டுவந்ததை மையில் இழுப்பதுதான் முதல் சில ஆண்டுகளின் வேலை. கை நடுங்காமல் கோடு போடக் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பெரம்பலூருக்கு மாற்றலாகி, இடத்துக்கே போய் அளந்து அறிக்கை எழுதும் பொறுப்பு வந்த பிறகுதான் செய்வது என்ன வேலை என்பதே எனக்குப் புரிந்தது.

ஊர் அப்போது வேகமாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைந்த நிலங்களில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நின்றன. புரமோட்டர்கள் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கி மனை பிரித்து விற்பார்கள். பக்கத்து நிலத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒவ்வொரு நகரும் பெரிய சாலையைப் பார்த்து ஒரு வாய் வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கத்தையும் மூடிக்கொள்ளும். அடுத்தடுத்த நகரில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். இதற்காகவே ஒரு விதி உண்டு. மனைப்பிரிவின் தெருக்கள் நிலத்தின் எல்லையைத் தொட வேண்டும். நாளைக்குப் பின்னால் உள்ள நிலமும் மனையானால், அந்தத் தெரு அங்கிருந்து தொடரும்.

அந்த விதிக்கு எங்கள் அலுவலகத்தில் காவல் இருந்தவர் சபாபதி சார். எனக்கு மேலதிகாரி. குட்டையான உருவம், வெளுத்த அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு பிளாஸ்க். வரைபடம் மேசைக்கு வந்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்.

"நேரா வெச்சுப் பார்த்தா புரமோட்டர் காட்டுறதத்தான் பார்ப்ப. திருப்பி வெச்சாத்தான் தெருவ பார்ப்ப" என்பார்.

பிறகு பென்சிலின் மழுங்கிய முனையைப் பெரிய சாலையில் ஊன்றி, எடுக்காமல் ஒவ்வொரு தெருவாக நகர்த்திக்கொண்டு போவார். பென்சில் நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார். "இந்தத் தெரு எங்கய்யா போவுது?" பதில் சொல்பவன் இடத்துக்குப் போய் நடந்திருக்க வேண்டும். நடக்காதவன் குரல் அவருக்குத் தெரிந்துவிடும்.

இடத்தைப் பார்க்கப் போனாலும் உள்ளே நுழையமாட்டார். முதலில் நான்கு எல்லையையும் சுற்றி நடப்பார். புரமோட்டர் கொடுக்கும் எதையும் வாயில் வைக்கமாட்டார். ஜெயங்கொண்டம் சாலையில் ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போனபோது, அந்தப் புரமோட்டர் இளநீர் சீவி வைத்துக் காத்திருந்தார். சபாபதி சார் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவரிடமே நீட்டினார்.

"வெயில்ல நிக்கிறீங்க. நீங்க குடிங்க."

அவரும் வேறு வழியில்லாமல் வாங்கிக் குடித்தார். சார் தெருவின் கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கல்லு ஏன் வேலிகிட்ட போவ வெக்கப்பட்டுக்கிட்டு நிக்குது?"

"அது வேலி போட சார். சும்மா ஓரடி."

"வேலிக்கு ஓரடியா? கோட்டை கட்டப் போறீங்களா?"

புரமோட்டரின் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கல்லைப் பிடுங்கி எல்லையில் நட்டு முடிக்கும்வரை சார் அங்கேயே நின்றார். திரும்பும்போது ஜீப்பில் எனக்கு விளக்கினார்.

"தெருவ பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் குடுப்பான். அந்த ஓரடிய மட்டும் எழுதமாட்டான். அது அவன் பேருலயே இருக்கும். பின்னாடி நிலத்துக்காரன் தெருவ சேக்கணும்னா இவன் கால்ல வந்து நிக்கணும். ஊரு வழிய சாத்திட்டு சாவிய பாக்கெட்ல போட்டுக்கிறான். புரியுதா?"

புரிந்தது. நான் செய்ததைப் புரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை இங்கே சொல்கிறேன்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வந்தது வசந்தம் நகர் மனு. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் வடபுறம் உள்ள இடம். சாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்ததால் வெயிலில் வர முடியவில்லை. என்னைத் தனியாக அனுப்பினார்.

நான்கு எல்லையையும் நடந்தேன். வடகோடியில் தெரு முடியும் இடத்தில் கல் எல்லையைத் தொடவில்லை. டேப் வைத்துப் பார்த்தேன். ஓரடி குறைந்தது.

புரமோட்டர் என் பக்கத்தில்தான் நின்றார். இளநீர் எதுவும் தரவில்லை. அவர் வேறு வகை ஆள். தெருவின் கிழக்குப் பக்கத்தில் வேப்பமரம் நின்ற கடைசி மனையைக் காட்டினார்.

"இதுல வூடு கட்டுறவன் குடுத்து வெச்சவன் சார். பின்னாடி தெரு சேராது. வண்டி வாசி ஊடால வராது. வாசல்ல கட்டிலப் போட்டுத் தூங்கலாம்."

நாங்கள் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். விடிவதற்கு முன்பே ஹாரன் சத்தம் தொடங்கிவிடும். என் மனைவி சரஸ்வதிக்கு ஒற்றைத் தலைவலி. ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டே சமைப்பாள்.

"விலை?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் உள்ளதுதான் சார். உங்களுக்குன்னு கொறைச்சா நாளைக்கு உங்களுக்குத்தான் அசிங்கம்."

எனக்கு லஞ்சம் கொடுக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். முழு விலையையும் கொடுத்து மனைவி பெயரில் வாங்கினேன். முழு விலை கொடுத்ததால் நான் நேர்மையானவன் என்று பல ஆண்டுகள் நம்பவும் செய்தேன்.

அறிக்கையில் 'தெரு வடக்கு எல்லை வரை செல்கிறது' என்று எழுதினேன். வரைபடத்தில் அந்த ஓரடியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் வரையும் அளவில் ஓரடி என்பது ஒரு மைக்கோட்டின் தடிமன்தான். தெருவின் கோட்டையும் எல்லைக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்தேன். கை நடுங்காமல் கோடு போடக் கற்றிருந்தேன் என்று சொன்னேனே, அது அன்றைக்குப் பயன்பட்டது.

சபாபதி சார் வழக்கம்போல் படத்தைத் திருப்பி வைத்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி. மற்றக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பென்சிலை நகர்த்தினார். வடக்குக் கோடியில் பென்சில் நின்றது.

"இந்தத் தெரு எங்கய்யா போவுது?"

"எல்லைக்குப் போவுதுங்க சார்."

"நடந்தியா?"

"நடந்தேன் சார்."

நடந்தது உண்மைதான். என் குரல் மாறவில்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீடு கட்டிப் புதுமனைப் புகுவிழா வைத்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். வந்தார். சரஸ்வதி வாசலில் நின்று வரவேற்றாள். வீட்டுக்குள் வருவதற்கு முன் தெருவின் கோடிக்கு நடந்தார். புரமோட்டர் அதற்குள் அந்த ஓரடியில் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டிருந்தார். சார் அதைத் தொட்டுப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று எட்டிப் பார்க்க முயன்றார். எட்டவில்லை. திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்தார்.

"இலை போட்டாச்சுங்க, வாங்க சார்" என்று சரஸ்வதி கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா" என்றார். தோளிலிருந்த பிளாஸ்கை எடுத்து மூடியில் டீ ஊற்றிக் குடித்தார். என் வீட்டில், என் எதிரில். குடித்துவிட்டு மூடியை உதறி மூடினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சில ஆண்டுகளில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடக்கத்துக்குப் போகவில்லை.

பிறகு பின்புற நிலமும் மனையானது. குறிஞ்சி நகர் என்று பெயர். அதற்கு வாய் ஏரிக்கரைச் சாலையில். இரண்டு நகரின் தெருக்களும் வரைபடத்தில் அழகாகச் சேர்ந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் அதற்கும் ஒப்புதல் கிடைத்தது.

ஒரு நாள் ஜெராக்ஸ் படம் ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் அப்துல் காதர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். குறிஞ்சி நகரின் கோடி மனையை விரலால் காட்டினார்.

"சார், வூட்டம்மாவுக்கு வீசிங் இருக்குது. அடிக்கடி டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இந்தத் தெரு அந்தப் பக்கம் அரியலூர் ரோட்டுக்குப் போயிரும்ல? போச்சுன்னா பஸ் ஸ்டாப்பு கிட்டக்க. ஆட்டோவும் வந்துரும். அதுக்காவத்தான் இந்த மனையப் பார்க்கிறேன்."

"பிளான்படி சேருதுங்க" என்றேன்.

"அங்க ஒரு சுவரு நிக்குதே சார்?"

தெரு சேராது என்று சொன்னால் என் அறிக்கை பொய் என்றாகும். சேரும் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

"தற்காலிகமா இருக்கும். பிளான்படி தெரு சேருது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று படத்தை மறுபடி சுருட்டிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க சார். ஆபீஸ்ல கேட்டுட்டா மனசு நிம்மதி."

அந்தச் சுவருக்குப் பக்கத்து வீடு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அவர் வீடு கட்ட வந்தபோது அவரே கண்டுபிடித்தார். என் பின்பக்கச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "அட, ஆபீஸ் சாரு! நீங்கதான் நம்ம பக்கத்து வூடா?" என்று அவர் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வீடும் அவர் வீடும் முதுகோடு முதுகு. நடுவில் நான் கட்டிய சுவர், மேலே நான் பதித்த கண்ணாடிச் சில்லுகள்.

அந்தச் சுவரின் வழியாகத்தான் அவர் மனைவி ஜமீலாவும் சரஸ்வதியும் பழகினார்கள். ஜமீலாவின் துவைகல் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் இருந்தது. துணியை அடித்துக்கொண்டே பேசுவார். நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்கு சுவரின் மேலே வந்து நிற்கும். சரஸ்வதி சில்லுகளின் மேல் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தாள், பாத்திரம் வைக்க.

"ஏங்க்கா, உங்க வூட்டுக்கு ஒரு தடவ வாசல் வழியா வரணும். ஆனா ஏரிக்கரைய சுத்தி வந்து சேர்றதுக்குள்ள என் மூச்சு போயிரும்" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, காற்று காலத்தில் ஒரு பிற்பகல். தெருவெல்லாம் புழுதி. காதர் பாயின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"அக்கா! அக்கா! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கக்கா! என் போன் எங்க கெடக்குதுன்னு தெரியல!"

சரஸ்வதி போன் போட்டாள். நான் முக்காலியில் ஏறிப் பார்த்தேன். ஜமீலா துவைகல் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. காற்று உள்ளே போகவில்லை. மூச்சுக்கு அடிக்கும் பம்பு காலியாகிவிட்டது என்று காதர் பாய் அதை என்னிடம் ஆட்டிக் காட்டினார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் என் தெருவுக்கு வந்தது. சுவருக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்னாங்க இது? ரோடு ஊடால போவுதுன்னு காட்டுது!"

ஏன் அப்படிக் காட்டுகிறது என்று அந்தத் தெருவில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"சுத்திப் போனா எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஏரிக்கரையில டிப்பர் லாரி நிக்கும். ரிவர்ஸ் எடுத்து, மெயின் ரோட்டுக்குப் போயி…" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கினார்.

"வேணாம். சுவத்து மேல தூக்குங்க" என்றார் ஓட்டுநரோடு வந்த பெண் உதவியாளர். அவரே முதலில் என் பின்பக்கச் சுவரில் சாத்திய ஏணியில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் ஸ்ட்ரெச்சரையும் நான் எடுத்துக் கொடுத்தேன். சில்லுகளின் மேல் சாக்கு போட்டோம். அது போதாமல் சரஸ்வதி மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள். அந்தப் பக்கமிருந்து காதர் பாயும் இரண்டு ஆட்களும் ஜமீலாவை ஸ்ட்ரெச்சரோடு தூக்கினார்கள். இந்தப் பக்கம் நான் ஏணியில் நின்று தலைமாட்டைப் பிடித்தேன். ஸ்ட்ரெச்சர் சுவரின் மேல் ஒரு நிமிடம் சாய்ந்து நின்றது. சில்லில் மாட்டிக்கொண்டது. "தூக்கு, தூக்கு" என்று எல்லோரும் கத்தினார்கள். ஜமீலாவின் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. முகமூடிக்குள் உதடு அசைந்தது.

"அக்கா… அடுப்ப நிறுத்தல."

"நான் பாத்துக்கறேன், நீ பேசாத" என்று சரஸ்வதி கீழேயிருந்து அழுதாள். அவளால் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? அடுப்பு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இறக்கி ஏற்றிவிட்டோம். காதர் பாயும் சுவரேறி வந்து செருப்பில்லாமல் வண்டியில் ஏறினார். மருத்துவமனை வாசலில் வண்டி நுழையும்போது ஜமீலாவின் மூச்சு நின்றிருந்தது. திரும்ப வரவில்லை.

சுவர்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. இறந்தவருக்கு ஓதும் ஃபாத்திஹா முடிந்த பிறகு காதர் பாய் ஏரிக்கரையைச் சுற்றி என் வாசலுக்கு வந்தார், கையில் உணவுப் பொட்டலத்தோடு.

"அவ ஹயாத்து அவ்ளோதான் சார். ஆனா நீங்களும் அக்காவும் அன்னிக்கு ஏணி, மெத்தைன்னு எவ்ளோ செஞ்சீங்க! அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யணும்."

அந்தப் பொட்டலத்தை வாங்கினேன். அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டவும் செய்தேன். அவர் போனதும் சரஸ்வதி பிரித்து வைத்தாள். நான் கை வைக்கவில்லை.

"ஏங்க சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்றாள்.

அவளிடம் அன்றைக்குச் சொன்னேன். முழுதும் கேட்டாள். எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினாள். என்னிடம் பல நாள் பேசவில்லை. பேசியபோது, "எனக்குத் தலைவலின்னுதான இந்த மனைய வாங்குனீங்க? என் பேர்லதான வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு குறிஞ்சி நகர்க்காரர்கள் சுவரைத் திறக்கச் சொல்லி எங்கள் நகர்க் கூட்டத்துக்கு வந்தார்கள். பிள்ளையார் கோயில் பக்கத்தில் கொட்டகை போட்டு நாற்காலி போட்டிருந்தது. காதர் பாயும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் நகர்ச் செயலாளர் தமிழரசன் ஓய்வு பெற்ற வங்கிக்காரர். பேசத் தெரிந்தவர்.

"தொறந்தா என்னா ஆவும்? டிப்பர் லாரி குறுக்கால வரும். திருடன் வருவான். நம்ம புள்ளைங்க தெருவுல வெளையாட முடியாது. அமைதியான தெருன்னுதான நாம காசு குடுத்தோம்?"

"உங்க அமைதிக்கு நாங்க சுவரேறி ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?" என்று அந்தப் பக்கத்து முருகேசன் எழுந்தார்.

"நான் அப்படிச் சொல்லலீங்க…"

"வேற எப்படிச் சொல்றீங்க?"

சத்தம் கூடியது. நாற்காலிகள் நகர்ந்தன. தமிழரசன் கையை உயர்த்தினார்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை? நம்ம சாரு அந்த டிபார்ட்மெண்ட்லயே இருந்தவரு. சட்டம் என்னா சொல்லுதுன்னு அவரே சொல்லட்டும். அந்த எடம் தெருவுல சேந்ததே இல்ல, தனியார் எடம். அப்படித்தான சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனியார் இடம் என்பது சட்டப்படி சரி. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"தனியார் எடம்தான். அப்படி ஆகக் காரணம் நான்தான். தெரு எல்லை வரைக்கும் போகலைன்னு நான் அளந்து பார்த்தேன். போகுதுன்னு எழுதிக் குடுத்தேன். கடைசி மனை எனக்கு வேணும்னு இருந்துச்சு."

தமிழரசன், "சார், உக்காருங்க, உங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றார். அதற்குள் பின்வரிசையில் காதர் பாய் எழுந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்து அகலம் காட்டினார்.

"இவ்ளோதானுங்களா சார், ஓரடின்னா?"

"ஆமா பாய்."

கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் மனை வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல வந்து கேட்டேன். ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்பவும் உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும் பாய்."

கைகளைக் கீழே போட்டார். மெதுவாக நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார். அவர் திட்டியிருந்தால் நான் நின்றிருப்பேன். உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனது. புரமோட்டர் இறந்துபோயிருந்தார். அவர் மகன்கள் அந்த ஓரடியை விடமாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அது முடிவதற்குள் நான் இருப்பேனா என்று தெரியாது. ஆனால் சுவர் தெருவின் அகலத்துக்கு மட்டும்தான். என் மனையும் காதர் பாயின் மனையும் நேரடியாகத் தொடுகின்றன. நான் கார் ஷெட்டை இடித்து வழி விட்டு, அவர் தன் கொல்லையில் அதே அகலம் விட்டால், சுவரைத் தொடாமல் வளைந்து போய்விடலாம். அந்த அகலத்தில்தான் ஜமீலாவின் துவைகல் இருந்தது.

இதை அவரிடம் கேட்க வேண்டியவன் நான். ஏரிக்கரையைச் சுற்றி நடந்தே போனேன். முதல் தடவை அந்த வழி. வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. டிப்பர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் வாசலில் நின்று சொன்னேன். எங்கள் பங்கைச் சரஸ்வதி தானமாக எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு இனிமே என்னா அவசரம் சார்?" என்றார். உள்ளே போய்விட்டார்.

என் பக்கத்துச் சுவரையும் ஷெட்டையும் இடித்தேன். இடிபாட்டை அள்ளிய பிறகு அவர் கொல்லை திறந்து கிடந்தது, நடுவில் துவைகல். கல்லின் மேல் துணி சோப்புத் துண்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் அதைத் தாண்டவில்லை. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடினேன். காதர் பாய் கல்லைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு கை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க சார்" என்றார்.

தனியாகவே நெம்பிப் புரட்டிப் புரட்டித் தன் வீட்டுச் சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார். மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"முருகேசன் பொண்ணு பிரசவத்துக்கு வந்துருக்கு. அதுக்காவத்தான். உங்களுக்காக இல்ல."

பாதை வந்த கதை இதுதான் கயல்விழி. கணினியில் திருத்தும்போது பாதையைப் போடுங்கள். சுவரையும் போடுங்கள், அது இன்னும் நிற்கிறது. கணினி பச்சை காட்டினாலும் தெருக்கோடிக்குப் போய்க் கல்லுக்கும் வேலிக்கும் நடுவில் உங்கள் காலை வைத்துப் பாருங்கள். கால் நுழைந்தால் திரும்பி வந்து சிவப்பு போடுங்கள்.

இப்போது பள்ளிக்கூட ஆட்டோ என் கொல்லை வழியாகத்தான் போகிறது. முருகேசன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போன வண்டியும் அதில்தான் போனது. காதர் பாய் மட்டும் அந்த வழியில் வருவதில்லை. காலையில் அவர் மொபெட்டைக் கிளப்பும் சத்தம் என் வீட்டுக்குப் பின்னால் கேட்கும். சத்தம் வடக்கே போய்த் தேயும். ஏரிக்கரையைச் சுற்றி மெயின் ரோட்டுக்கு வந்து, என் தெருவின் வாயைக் கடந்து டவுனுக்குப் போவார். நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். தெருவின் அந்த முனையில் ஒரு கணம் தெரிவார். இந்தப் பக்கம் திரும்பமாட்டார்.